பழுகாமத்தில் பன்னிரண்டு நாள்: வாவிக் கரைக் கல்லூரிக்கு வலையமைப்புக் கட்டிய கதை

கடந்த ஆகஸ்டில் பன்னிரண்டு நாள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, அந்த ஊர்க்காரர் படுவான்கரை என்று சொல்லும் பக்கத்தில் தங்கியிருந்தேன். கடலில் குளிக்கப் போகவில்லை. பழுகாமத்தைத் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கும் ஒரு விவசாயப் பயிற்சிக் கல்லூரியில், ஏழு கட்டடங்களையும் இணைக்கும் கணினி வலையமைப்பை வரைந்து கட்டிக் கொடுக்கப் போனேன். பதினொரு வருடமாக இதுதான் என் தொழில். ஹட்டனில் பிறந்தவள், கொழும்பில் வேலை. கிழக்கில் வேலைக்கென்று போனது இதுதான் முதல் தடவை. இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களில் பலர் என்னைப் போல உபகரணப் பெட்டியோடு ஊர் ஊராகப் போகிறவர்கள் என்று உங்கள் மடல்களில் தெரிகிறது. உங்களுக்காகத்தான் இதை விவரமாக எழுதுகிறேன். கொஞ்சம் பெருமையடிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன காரணம் ஒரு பரீட்சை. அந்தக் கல்லூரி மாணவர்களின் இறுதிப் பரீட்சை இப்போது கணினியில்தான் நடக்கிறது. வினாத்தாள் கொழும்பிலிருந்து இணையம் வழியாக வரும். கடந்த முறை பரீட்சை தொடங்கி நாற்பதாவது நிமிடத்தில் கல்லூரியின் வலையமைப்பு முழுதாகப் படுத்துவிட்டது. நூற்றி நாற்பது மாணவர்களைப் பிறகு பஸ்களில் ஏற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய் மறுபடி எழுத வைத்திருக்கிறார்கள். கைக்குழந்தையோடு படிக்கும் இரண்டு பெண்களால் போக முடியவில்லை, அவர்களுக்கு ஒரு வருடம் போய்விட்டது. இந்த முறை கொழும்பிலிருந்து வரும் பார்வையாளர்கள் முன்னிலையில் ஒத்திகைப் பரீட்சை ஒன்று வைக்க வேண்டும், அதில் தேறினால்தான் மறுபடி பரீட்சை நிலையமாக இருக்கலாம் என்று கல்லூரிக்குச் சொல்லிவிட்டார்கள். ஒத்திகை நடக்கும் நாள் என் பதினோராவது நாள்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை ஆறு மணி தாண்டிப் புறப்படும் ரயிலில் போனேன். இரண்டாம் வகுப்பு, ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. ஒன்பது மணி நேரத்துக்கு மேல் பயணம். கணினி வயர்களை ஒன்றுசேர்க்கும் சுவிட்ச் பெட்டிகளை மேலே வைக்காதீர்கள், ரயில் ஆடுகிற ஆட்டத்துக்கு அவை தலையில் விழும். நான் இரண்டு முக்கியமான சுவிட்ச்களைக் கம்பளியில் சுற்றிக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டேன். எதிரே இருந்த அம்மா, “உள்ளுக்கு என்ன, கோழிக்குஞ்சா?” என்று கேட்டார். பொலன்னறுவைக்குப் பிறகு வெயில் நிறம் மாறும். வாழைச்சேனையில் இறால் வடை ஏறும், வாங்கிவிடுங்கள்.

மட்டக்களப்பு நிலையத்தில் இறங்கியபோது மூன்றரை. கேபிள் உருளையும் மற்றச் சாமான்களும் லொறியில் முன்பே போய்விட்டன. நான் கல்முனை பஸ்ஸில் ஏறிக் களுவாஞ்சிக்குடியில் இறங்கினேன். முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, முக்கால் மணி நேரம், நூற்றி இருபது ரூபாய். அங்கிருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்கு ஓட்டோ. ஏழெட்டுக் கிலோமீட்டருக்கு எழுநூறு ரூபாய் கேட்டார், பெட்டிகளைப் பார்த்துவிட்டு எண்ணூறு என்றார். பாலத்தில் எதிர்க்காற்று ஓட்டோவைத் தள்ளியது.

“இது கச்சான் காத்து மகள்,” என்றார் ஓட்டோக்காரர். “இன்னும் ஒரு மாசத்துக்கு அடிக்கும். கண்ணுக்குள்ள மண் போகும், பாத்துக்கொள்ளுங்க.”

கண்ணுக்குள் போனால் கழுவலாம். என் வேலையில் மண் போகக் கூடாத இடங்கள் வேறு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கல்லூரியின் விருந்தினர் அறையில் தங்கினேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அறை வாசலில் ஒரு பெண் சாவிக்கொத்தோடு நின்றார். தயாளினி. கணினி ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், பழுகாமத்துக்காரி, என்னைவிட மூன்று வயது இளையவர். பரீட்சை நின்றுபோன அன்று மண்டபத்தில் பொறுப்பாக இருந்தவரும் அவர்தான். அவர் முதலில் சொன்னது இது:

“மிஸ், அண்டைக்கு என்ன நடந்தது எண்டு இதுவரைக்கும் எனக்குத் தெரியா. எல்லாரும் என்னத்தான் கேட்டாங்க. தெரிஞ்சிட்டா எனக்கு நித்திரை வரும்.”

அவரோடு ஏழு கட்டடங்களிலும் ஏறி இறங்கினேன். பழைய வலையமைப்பை யாரும் வரைந்து கட்டவில்லை, அது தானாக வளர்ந்திருந்தது. ஒரு அறைக்கு இணைப்பு வேண்டுமென்றால் பக்கத்து அறையின் சிறிய சுவிட்ச்சிலிருந்து ஒரு வயர், அதற்கு அடுத்த அறைக்கு அங்கிருந்து இன்னொரு வயர். ஒன்பது சுவிட்ச்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நின்றன. கணக்குக் கிளையில், மேசைக்கு அடியில் ஒரு மலிவான சுவிட்ச். அதிலிருந்து புறப்பட்ட ஒரு நீல வயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். மேசையைச் சுற்றி வந்து அதே சுவிட்ச்சிலேயே முடிந்தது. யாரோ ஒரு முனையைக் கழற்றித் திரும்பச் செருகும்போது இப்படி ஆகியிருக்கிறது. பிறகு யாரோ அந்தச் சுவிட்ச்சின் மின்சாரத்தை நிறுத்தியதும் எல்லாம் சரியானது போலத் தெரிந்திருக்கிறது.

தயாளினிக்கு மேசைக்கு அடியில் குந்தியபடியே விளக்கினேன். எல்லாருக்கும் போக வேண்டிய செய்தி ஒன்று இந்த வளையத்துக்குள் விழுந்தால் வெளியே வராது. சுற்றும்போது பெருகும், பெருகிப் பெருகி எல்லா வயர்களையும் நிரப்பிவிடும். பரீட்சை மண்டபத்தின் பதில்களுக்குப் போக வழி இருக்காது.

அவர் அந்த நீல வயரைக் கையில் எடுத்து இரண்டு முனைகளையும் பார்த்தார். “இவ்வளவுதானா?” என்றார். பிறகு, “அப்ப அது நான் இல்ல,” என்றார். அதை எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியவில்லை. அன்றிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிடத் தொடங்கினார்.

அன்று பிற்பகல்தான் என் முறை வந்தது. கொழும்பில் இருந்துகொண்டு, வானிலிருந்து எடுத்த செய்மதிப் படத்தைப் பார்த்து நான் வரைந்த வரைபடத்தை நூலக மேசையில் விரித்தேன். நூலகம் நடுவில், அங்கே இரண்டு முதன்மைச் சுவிட்ச்கள். பக்கத்தில் இருக்கும் மூன்று கட்டடங்களுக்குக் குறுகிய தூரம்தான். வாவிப் பக்கம் இருக்கும் ஆய்வுகூடம், பரீட்சை மண்டபம், விடுதி என்ற மூன்றுக்கும், நடுவே உள்ள வெற்று நிலத்தைக் குறுக்கே வெட்டி, நிலத்துக்கு அடியில் ஆளுக்கொரு கண்ணாடியிழைக் கேபிள். நேர்க்கோடு. ஒவ்வொன்றும் முந்நூறு மீட்டர் சொச்சம். ஆயிரம் மீட்டர் உருளை ஒன்று அளவாக வந்திருந்தது. படம் அழகாக இருந்தது என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

தயாளினி அந்த வெற்று நிலத்தின் மேல் விரலை வைத்தார். “அக்கா, இது ஆர் சொன்னது நிலம் எண்டு?”

“ஏன்?”

“மாரியில இது வாவி. விடுதிப் பிள்ளைகள் தோணியில போய் வந்திருக்காங்க. மூணு மாசம் தண்ணி நிக்கும். இப்ப காய்ஞ்சு கிடக்குறதால உங்களுக்குத் தெரியல்ல.”

வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முள்வேலித் தூணில் என் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கறை. செய்மதிப் படம் எடுத்த நாளும் இதேபோல வெயில் நாளாக இருந்திருக்க வேண்டும். தண்ணீருக்கு அடியில் கேபிள் போடலாம்தான், ஆனால் இழைகளை ஒட்டும் பெட்டிகள் சேற்றுக்குள் கிடந்தால் பழுது பார்க்க மாரி முடியும்வரை காத்திருக்க வேண்டும். பரீட்சையோ மார்கழியில்.

“அப்ப மேட்டுப் பக்கம் எது?” என்று கேட்டேன்.

“வட்டைக்குப் போற பெரிய வரம்பு. அது ஒரு நாளும் தாழாது. ஆனா சுத்திக்கொண்டு போகும்.”

வட்டை என்பது அங்கே வயல்வெளி. வரம்பின் மேல் இரண்டு பேரும் அளவு நாடாவோடு நடந்தோம். நூலகத்திலிருந்து கடைசிக் கட்டடமான ஆய்வுகூடம்வரை ஐந்நூற்றி நாற்பது மீட்டர். மூன்று கட்டடங்களுக்கும் தனித்தனிக் கேபிள் போட்டால் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் வேண்டும். கையில் இருப்பது ஆயிரம். புதிய உருளை வர இரண்டு கிழமை.

அன்று மாலை அந்த அழகான வரைபடத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் புதிய தாள் எடுத்தேன். எங்கள் கேபிளுக்குள் பன்னிரண்டு இழைகள். ஒரு கட்டடத்துக்குத் தேவை இரண்டு. ஆக ஒரே கேபிளை வரம்பு வழியே கடைசிவரை கொண்டுபோனால் போதும். விடுதியைத் தாண்டும்போது இரண்டு இழைகளை மட்டும் பிரித்து உள்ளே கொடுக்கலாம், மண்டபத்தில் இரண்டு, ஆய்வுகூடத்தில் மிச்சம். வெளியே பார்க்க ஒரே கயிறு. உள்ளே ஒவ்வொரு கட்டடத்துக்கும் நூலகத்துக்குப் போக அதன் சொந்தப் பாதை, ஒருவரை நம்பி இன்னொருவர் இல்லை. அதைவிட நல்ல செய்தி, உருளையில் நானூற்றி அறுபது மீட்டர் மிஞ்சும். மாரியிலும் தண்ணீர் ஏறாத வடக்கு வேலியோரமாக ஆய்வுகூடத்திலிருந்து நூலகத்துக்கு நேராகத் திரும்ப அளந்தேன். நானூற்றிப் பத்து. வரம்புப் பக்கம் கேபிள் அறுந்தாலும் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போகலாம்.

என் பிழையான படத்தைவிடச் சரியான படம் நல்லதாக வந்திருந்தது. தயாளினி அதை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, “இதுல என்ட பேரும் போடுவீங்களா?” என்று சிரித்தார். போட்டேன். இப்போதும் நூலக அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தில், வரைந்தவர்கள் என்று இரண்டு பெயர் இருக்கிறது.

ஆனால் இந்தப் படத்தில் ஒரு சிக்கல். ஒட்டு வேலை மும்மடங்காகிவிட்டது. ஒரு கண்ணாடியிழை தலைமயிரளவுதான். இரண்டு முனைகளையும் வெட்டி, துடைத்து, மின்பொறியில் உருக்கி ஒன்றாக்க வேண்டும். ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், வெளிச்சம் அந்த இடத்தில் கசியும். அப்படி ஐம்பதுக்கு மேல் ஒட்டு, கச்சான் காற்று அடிக்கும் ஒரு வயல் வரம்பில்.

அந்த வேலைக்கு வந்தவர் நௌசாத் நாநா. ஏறாவூர்க்காரர், நாற்பத்தாறு வயது. அங்கே முஸ்லிம்கள் அண்ணனை நாநா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருடம் கட்டாரில் இழை ஒட்டியவர். ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் தொலைக்காட்சியும் நகையும் கொண்டுவர, இவர் பழைய ஒட்டு இயந்திரம் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். தனது வெள்ளை வான் வண்டியில் அதைக் குழந்தையைப் போலப் பட்டி போட்டு முன் இருக்கையில் உட்கார வைத்திருந்தார். வரம்பைப் பார்த்தார், காற்றைப் பார்த்தார், என் படத்தைப் பார்த்தார்.

“படம் நல்லம் மிஸ். இடம்தான் சரியில்ல,” என்றார்.

“செய்ய ஏலாதா நாநா?”

“ஏலாது எண்டு நான் சொல்லல்லையே. வான் வரம்புல ஏறாது. எனக்கு ஒரு லாண்ட்மாஸ்டர் பெட்டியும் ரெண்டு படங்கும் எடுத்துத் தாங்க. விடிய அஞ்சரைக்கு வாறன். ஒம்பதரைக்குக் காத்து எழும்பும். அதுக்குள்ள செய்றதச் செய்வம்.”

லாண்ட்மாஸ்டர் என்பது அங்கே எல்லா வயலிலும் ஓடும் இரண்டு சில்லு உழவு இயந்திரம். அதன் பின்பெட்டியைச் சுற்றிப் படங்கை, அதாவது தார்ப்பாயைக் கட்டி, தரையைத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, உள்ளே ஒரு சின்ன அறை செய்துகொண்டார். அதற்கு முன்னால் குழாய் தாழ்க்க வேண்டும். கல்லூரிப் பண்ணையின் ஒன்பது தொழிலாளர்கள் மண்வெட்டியோடு மூன்றரை நாள் வெட்டினார்கள். இயந்திரம் போட்டால் வரம்பு உடைந்து வெள்ளாமைக்குத் தண்ணீர் கட்ட முடியாமல் போகும் என்பதால் எல்லாம் கைவேலை. வெட்டிய மண்ணை அவர்களே மிதித்து இறுக்கி, புல்லுக் கட்டையைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் கரையேறினார்கள். வெட்டி முடித்த மூன்றாம் நாள் நான் அந்த வரம்பில் நடந்தபோது எங்கே வெட்டியது என்று எனக்கே தெரியவில்லை.

கேபிள் இழுத்த அன்று ஐந்நூற்றி நாற்பது மீட்டரும் ஒரே மூச்சில் குழாய்க்குள் போனது. பிறகு நௌசாத் நாநாவின் காலைகள். நான் படங்குக்குள் அவருக்கு எதிரே உட்கார்ந்து இழைகளைத் துடைத்துக் கொடுப்பேன். வெளியே தயாளினி எந்த நிற இழை எந்தக் கட்டடத்துக்கு என்று கொப்பியில் எழுதுவார். உள்ளே பேச்சே இருக்காது. ஒவ்வொரு ஒட்டு முடிந்ததும் இயந்திரத்தின் சின்னத் திரையில் இழப்பு எவ்வளவு என்று ஒரு எண் வரும். பூச்சியம் தசம் பூச்சியம் இரண்டு, பூச்சியம் தசம் பூச்சியம் ஒன்று. நல்ல ஒட்டுக்கு இதில் நாலு மடங்கு வந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஒருமுறை பூச்சியம் தசம் பூச்சியம் நாலு வந்தது. எனக்குப் போதும் என்றேன். அவர் அதை வெட்டிவிட்டு மறுபடி ஒட்டினார்.

பத்தாம் நாள், ஒத்திகைக்கு முதல் நாள், எல்லாவற்றையும் இயக்கிப் பார்த்தோம். நூலகத்தில் சுவிட்ச் விளக்கு எரிந்தது, விடுதியில் எரிந்தது, ஆய்வுகூடத்தில் எரிந்தது. பரீட்சை மண்டபத்துக்கு மட்டும் வெளிச்சம் போகவில்லை.

நௌசாத் நாநாவின் முகம் சுருங்கிவிட்டது. “என்ட ஒட்டுல பிழை இருக்காது,” என்றார் ஒரு தடவை. கொஞ்ச நேரத்தில், “இருந்தா அது பாரிய வெக்கம்,” என்றார். மண்டபத்து முனையில் இருந்த ஒட்டுகளை எல்லாம் திரும்ப வெட்டப் போனார். தயாளினிதான் தடுத்தார்.

“நில்லுங்க நாநா. எல்லாத்தையும் வெட்டினா பொறகு பிழை எங்க எண்டு தெரியா. முதல்ல எங்க நிக்குது எண்டு பாப்பம்.”

என் பெட்டியில் சிவப்பு வெளிச்சப் பேனா ஒன்று இருந்தது. இழையின் ஒரு முனையில் வைத்தால், எங்கே முறிவு இருக்கிறதோ அங்கே சிவப்பாகக் கசியும். முதல் நாள் அதை எப்படிப் பிடிப்பது என்று தயாளினிக்குக் காட்டியிருந்தேன். நூலகத்தில் நான் பேனாவைப் பிடிக்க, அவர் வரம்பு வழியே நடந்து ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து, தலையில் படங்கைப் போட்டு மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். இருபது நிமிடத்தில் தொலைபேசி அடித்தது.

“அக்கா, கண்டன். மண்டபத்துக்கு முன்னால இருக்குற பெட்டி. ஒட்டு எல்லாம் வடிவா இருக்கு. மூடியில ஒரு இழை நசிஞ்சு போயிருக்கு.”

அந்தப் பெட்டியை மூடியது நான். முந்தின நாள் ஒன்பதரை தாண்டி, காற்று எழும்பி, அவசரத்தில் மூடினேன். இரண்டு பேரிடமும் அதைச் சொன்னேன். நௌசாத் நாநா பெருமூச்சு விட்டார், சிரித்தார், “அல்ஹம்துலில்லாஹ், மிஸ்ஸுட கைதான்,” என்றார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் கூடுதலாகவே சந்தோஷம் இருந்தது. நசிந்த இடத்தை வெட்டி மறுபடி ஒட்டினார். பூச்சியம் தசம் பூச்சியம் ஒன்று. மூடியை அவரே மூடினார்.

ஒத்திகை காலை ஒன்பது மணிக்கு. கொழும்பிலிருந்து இரண்டு பார்வையாளர்கள். நூற்றி நாற்பது மாணவர்கள், இரண்டு மணி நேரம். வெள்ளைச் சட்டையும் சேலையுமாக வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். போன வருடம் பஸ்ஸில் போன ஆட்களின் தம்பி தங்கைகள் அதில் இருந்தார்கள். நானும் தயாளினியும் மண்டபத்தின் பின்னறையில் என் மடிக்கணினிக்கு முன்னால். எங்கே என்ன நடக்கிறது என்று சுவிட்ச்கள் எல்லாம் அதன் திரையில் எனக்கு எழுதிக்கொண்டிருக்கும்.

ஐம்பத்திரண்டாவது நிமிடத்தில் ஒரு சிவப்பு வரி வந்தது. நிர்வாகக் கட்டடம், பதினேழாம் துளை, வளையம்.

தயாளினியும் வாசித்துவிட்டார். என் மணிக்கட்டைப் பிடித்தார், நகம் பதிய. அதே நொடியில் அடுத்த வரி: பதினேழாம் துளை மூடப்பட்டது. அவ்வளவுதான். மண்டபத்துப் போக்குவரத்து வரைபடம் ஆடவே இல்லை. புதிய சுவிட்ச்களில் வயர் செருகும் ஒவ்வொரு துளைக்கும் நான் ஒரு காவல் போட்டிருந்தேன். தான் அனுப்பிய செய்தி தனக்கே திரும்பி வந்தால், துளை தன்னை மூடிக்கொள்ளும். அதோடு பரீட்சை மண்டபத்தின் பாதையை நிர்வாகத்தின் பாதையோடு கலக்காமல் பிரித்தும் வைத்திருந்தேன், ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு நடுவே மதில் கட்டியது போல. ஆனாலும் மேசையில் செய்து பார்ப்பது வேறு, நூற்றி நாற்பது பேர் எழுதிக்கொண்டிருக்கும்போது பார்ப்பது வேறு.

தயாளினி எழுந்து மண்டப வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். விசைப்பலகைச் சத்தம் மட்டும். ஒருவரும் தலை நிமிரவில்லை. திரும்பி வந்து, “ஒருத்தருக்கும் தெரியா,” என்று ரகசியமாகச் சொன்னார். கண் கலங்கியிருந்தது. பிறகு ஓடாமல், மெதுவாக நடந்து நிர்வாகக் கட்டடத்துக்குப் போனார்.

அங்கே அதிபர் தனது அறையில், பார்வையாளர்கள் தேநீருக்கு வருவார்கள் என்று மேசையை ஒழுங்கு செய்துகொண்டிருந்தாராம். “வயர் ஒண்டு தொங்கிக்கொண்டு கிடந்தது பிள்ள. வெளிய இருந்து ஆக்கள் வாற நேரம் வடிவில்லையே. அதான் செருகி விட்டன்,” என்றிருக்கிறார். தன் அறையின் இரண்டு சுவர்த் துளைகளையும் சிறிய சுவிட்ச் ஒன்றின் வழியாகத் தானே இணைத்துவிட்டார். கடந்த முறை கல்லூரியைப் படுக்க வைத்த அதே வேலையை, இந்த முறை கல்லூரித் தலைவரே செய்து பார்த்தார். எனக்கு அதைவிடப் பெரிய சோதனை கிடைத்திருக்காது.

பதினொரு மணிக்கு நூற்றி நாற்பது விடைத்தாளும் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. பார்வையாளர்களில் மூத்தவர் பின்னறைக்கு வந்து, “இடையில் ஏதாவது பிரச்சினை?” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் தயாளினி சொன்னார்: “ஒரு வளையம் வந்தது சேர். துளை தானாப் பூட்டிக்கொண்டது. மண்டபத்துக்கு ஒண்டும் ஆகல்ல. பதிவு இருக்கு, காட்டவா?” சிவப்பு வரியை அவருக்குக் காட்டி, என்ன நடந்தது, ஏன் பரவவில்லை என்று ஐந்து நிமிடம் விளக்கினார். நான் கதவருகில் நின்றேன். மூத்தவர் பரீட்சை நிலையத்துக்கு அனுமதி என்று அங்கேயே கையெழுத்துப் போட்டார். மற்ற எந்த வேலையிலும் எனக்கு இந்த அளவு நெஞ்சு நிறைந்ததில்லை.

இனி, போகிறவர்களுக்கு. படுவான்கரைக்கு வேலையாகப் போனால் வெளி வேலையை ஆவணிக்குள் முடியுங்கள். மாரி தொடங்கினால் வரம்பில் கால் வைக்க முடியாது. காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு நிறுத்துங்கள். ஒரு குடை, ஒரு தொப்பி, கண்ணுக்குக் கண்ணாடி. களுவாஞ்சிக்குடியில் வன்பொருள் கடைகள் இருக்கின்றன, குழாயும் ஆணியும் கிடைக்கும். கண்ணாடியிழைச் சாமான் ஒன்றும் கிடைக்காது, தேவையானதைவிட இரண்டு மடங்கு கொண்டுபோங்கள். மாலையில் பட்டிருப்புப் பாலத்தில் வாவி நண்டு விற்பார்கள். சமைத்துத் தர ஆள் இருந்தால் மட்டும் வாங்குங்கள், உயிரோடு கொடுப்பார்கள். மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றும் மிதவைப் படகில், ஒருமுறை வாவியைக் கடந்து பாருங்கள், சில்லறைக் காசுதான். செய்மதிப் படத்தை மட்டும் நம்பி வரையாதீர்கள். மாரியில் அந்த நிலத்தைக் கண்ட ஒருவரோடு நடந்துவிட்டு வரையுங்கள்.

இன்னொன்று. வேலை முடிந்த மறுநாளே புறப்படாதீர்கள், ஒரு நாள் சும்மா இருங்கள். நான் பன்னிரண்டாம் நாளை உடுப்புத் துவைக்க வைத்திருந்தேன். பத்து மணிபோல வெள்ளை வான் வந்து நின்றது. நௌசாத் நாநா இறங்கினார், பின்னால் அவர் மனைவி பரீனா, இரண்டு மகள்மார். ஏறாவூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நாநா இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

“ஒண்டுமில்ல மிஸ்,” என்றார். “கட்டாரில எத்தினை கட்டடம் செஞ்சன். ஒண்டையும் இவங்க கண்டதில்ல. வேலை முடிஞ்சா எங்களையே உள்ளுக்கு விடமாட்டாங்க. இது நம்மட ஊர்தானே.”

தயாளினி சாவிக்கொத்தை எடுத்தார். நூலக அலமாரியைத் திறந்து, இழைகள் சுருளாக அடுக்கியிருக்கும் தட்டை மெதுவாக வெளியே இழுத்தார். பன்னிரண்டு நிறங்கள். மூத்த மகள் குனிந்து பார்த்தாள். “வாப்பா, இதுல நீங்க செஞ்சது எது?”

“எல்லாம்,” என்றார்.

பரீனா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு மெல்லிசா?” என்றார் கடைசியில். “இதுக்குள்ளாலயா பிள்ளைகள் சோதினை எழுதினது?” கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்து, அலமாரிக்குப் பக்கத்தில் போய் நிற்கச் சொன்னார். அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய் நின்றார். “தனிய நிக்க வேணாம், மிஸ்மாரும் வாங்க,” என்று பரீனா எங்களையும் கூப்பிட்டார்.

எனக்குத் தலை ஈரம், காலில் குளியலறைச் செருப்பு. தயாளினி கையில் சாவிக்கொத்து. சுவிட்ச்களின் பச்சை விளக்குகள் பின்னால் மினுங்க, மூன்று பேரும் நிமிர்ந்து நின்றோம்.